உலவு புற்றணு: எண்ணும் ஆய்வும் எண்ண வேண்டிய கடமையும்

அறிவியல் எந்நாட்டில் பிறப்பினும் மாந்தர் அனைவர்க்கும் பொது என்பர். சொல்லளவில் அஃது உண்மையே. ஆயினும் ஓர் அறிவு எந்த மொழியில் ஒருவரை வந்தடைகின்றதோ, அந்த மொழியை அறிந்தவர்க்கே அது செயலளவில் உரியதாகின்றது. அறியாதவர்க்கு அது விலை கொடுத்து வாங்கும் பண்டம், படிக்காமல் கையொப்பமிடும் தாள், அவ்வளவே. நோயுற்ற உடம்பைப் பற்றிய அறிவில் இவ்வேறுபாடு உயிர்க்கும் சாவுக்கும் இடைப்பட்ட வேறுபாடாகவே ஆகிவிடுதல் உண்டு.

மார்பகப் புற்றுநோய் கொண்டவரின் குருதியில் உலவும் புற்றணுக்களைத் தேடிப் பிடித்து எண்ணும் ஆய்வகமுறை அத்தகைய அறிவுகளுள் ஒன்று. மேலை நாடுகளில் இருபதாண்டுகளுக்கு மேலாக வழக்கில் இருந்துவரும் இம்முறை இன்று நம் நாட்டிலும் விலைக்குக் கிடைக்கின்றது. இதன் ஆற்றல் பெரிது. ஆனால் அவ்வாற்றலுக்கு ஓர் எல்லையும் உண்டு. அவ்வெல்லையை ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதியில் வாழும் ஒரு தமிழ்ப்பெண் தன் தாய்மொழியில் அறிந்திருத்தல் வேண்டும். அறியாவிடின், தேவையுள்ளவளுக்கு இவ்வாய்வு எட்டாமற் போகும். தேவையற்றவளிடம் இது பணம் பறிக்கும்.

எல்லையோரத்தின் நிலை

இந்திய நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பெண்கள் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாயினர் என்றும், ஏறத்தாழ 98,000 பேர் அதனால் இறந்தனர் என்றும் உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பு மதிப்பிட்டுள்ளது. புதிதாக இருவர்க்கு நோய் காணும் காலத்தில் ஒருவர் சாகின்றார் என்பதே இதன் பொருள். மேலை நாடுகளில் சாவு இத்துணை மிகுதியாக இல்லை. அங்கு நோய் சிறு கட்டியாக இருக்கும்பொழுதே கண்டறியப்படுகின்றது. இங்கோ முற்றிய பின்னரே பெரும்பாலோர் மருத்துவமனைப் படியேறுகின்றனர்.

ஓசூர்ப் பகுதி தமிழகத்தின் தொழில் வாயில்களுள் ஒன்று. 1970-களில் அரசின் சிப்காட் வளாகம் அங்கு அமைந்தது முதல் ஊர்திகள், கைக்கடிகாரங்கள், பொறியுறுப்புகள் என ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிலகங்கள் எழுந்தன. அண்மை ஆண்டுகளில் கைப்பேசி உறுப்புகள் செய்யும் டாட்டா மின்னணுத் தொழிலகம் பல்லாயிரம் பெண்களைப் பணியில் அமர்த்தியது. போச்சம்பள்ளியில் எழுந்த ஓலா மின்னூர்தித் தொழிலகம் முழுதும் பெண்களைக் கொண்டே இயங்கும் என 2021-இல் அறிவிக்கப்பட்டது. இத்தொழிலகங்களுக்கு வெளியே மாந்தோப்பிலும் கேழ்வரகுக் கொல்லையிலும் பூந்தோட்டத்திலும் உழைப்போர் இவர்களின் தாய்மாரும் அக்கைமாருமே. மார்பகப் புற்று பெரிதும் நாற்பது அகவைக்கு மேற்பட்டோரை நாடுவதாகலின், இளம் பணிப்பெண்களை விட அவர்களின் தாய்மார்க்கே இடர் மிகுதி.

இத்தாய்மார்க்கு நோயென்று ஐயம் எழுந்தால் எங்குச் செல்வர்? சென்னை அடையாற்றில் மருத்துவர் முத்துலட்சுமி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் எழுந்து, மருத்துவர் சாந்தா அம்மையாரின் வாழ்நாள் உழைப்பால் உயர்ந்த புற்றுநோய் மருத்துவமனை ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர்த் தொலைவில் உள்ளது. பெங்களூரோ நாற்பது கிலோமீட்டர்; அத்திப்பள்ளிச் சாவடியைக் கடந்தால் ஒரு மணி நேரப் பயணம். 1973-இல் நிறுவப்பெற்ற கிட்வாய் புற்றுநோய் நிறுவனமும், ஓசூர்ச் சாலையில் பொம்மசந்திரத்தில் 2009-இல் திறக்கப்பெற்ற தனியார் புற்றுநோய் மருத்துவமனையும் அங்குள்ளன. எல்லையோர மக்கள் அருகிலுள்ள மருத்துவரை நாடுவது இயல்பே. அதிற் குறைகாண ஒன்றுமில்லை. கன்னட மண்ணின் மருத்துவமனை கன்னடத்தில் இயங்குவதும் அவர்தம் உரிமையே. ஆனால் ஆய்வறிக்கை கன்னடத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை, ஆங்கிலத்தில் இருக்கின்றது. சென்னையில் கொடுக்கப்படும் அறிக்கையும் அவ்வாறே. தன் குருதியில் என்ன காணப்பட்டது என்பதைத் தானே படித்தறிய இயலாத நிலையில், தமிழ்ப்பெண் எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் ஒன்றுபோலவே நிற்கின்றாள்.

வித்தும் நிலமும்

புற்றுநோயால் சாவோருள் பெரும்பாலோர் முதலில் தோன்றிய கட்டியால் சாவதில்லை. மார்பில் உள்ள கட்டியை அறுத்தெடுத்துவிடலாம். அதிலிருந்து பிரிந்த புற்றணுக்கள் எலும்பிலும் ஈரலிலும் நுரையீரலிலும் மூளையிலும் குடியேறி வளர்வதே உயிரைப் போக்குகின்றது. அவை அங்குச் செல்லும் வழிகளுள் முதன்மையானது குருதியோட்டம்.

இவ்வுண்மை நேற்றுக் கண்டதன்று. ஆத்திரேலிய மருத்துவர் தாமசு ஆசுவர்த்து என்பார் 1869-இல், புற்றுநோயால் இறந்த ஒருவரின் குருதியை நுண்ணோக்கியில் ஆய்ந்து, கட்டியிலிருந்த உயிரணுக்களை ஒத்தவை குருதியிலும் இருத்தலைக் கண்டு எழுதினார். இருபதாண்டு கழித்து 1889-இல் இங்கிலாந்தின் மருத்துவர் பேசட்டு என்பார் மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்தார். புற்றணுவை வித்து என்றும், அது சென்று தங்கும் உறுப்பை நிலம் என்றும் உவமித்து, வித்து எங்கும் சிதறினும் ஏற்ற நிலத்திலேயே முளைக்கும் என்றார். மானாவாரியில் கேழ்வரகு விதைக்கும் கிருட்டிணகிரி உழவர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? விதைத்தது எல்லாம் விளைவதில்லை. குருதியில் இறங்கும் புற்றணுக்களுள்ளும் மிகப்பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன; மிகச் சிலவே குடியேறுகின்றன.

இவ்வாறு குருதியில் திரியும் புற்றணுவைத் தமிழில் 'உலவு புற்றணு' எனலாம். உலவு என்பது இங்கு வினைத்தொகையாய் நின்று, உலவிய, உலவுகின்ற, உலவும் என முக்காலத்தையும் காட்டும். நோயின் முக்காலமும் இவ்வணுவில் அடங்கியிருத்தலின் இப்பெயர் பொருந்தும்.

ஒன்றரைத் தேக்கரண்டிக் குருதி

இவ்வணுவைக் காண்பதில் உள்ள அருமையை எண்களால் உணரலாம். ஒரு மில்லிலிட்டர்க் குருதியில் ஏறத்தாழ 500 கோடிச் சிவப்பணுக்கள் உள்ளன. வெள்ளையணுக்கள் 40 இலக்கம் முதல் ஒரு கோடி வரை உள்ளன. நோய் பரவிய ஒருவரிடத்தும் உலவு புற்றணு ஒன்றோ சிலவோ தான் அவற்றிடையே இருக்கும். பலரிடம் அதுவும் அகப்படாது. வண்டி வண்டியாய்க் கொட்டிய கேழ்வரகில் ஒரு கடுகைத் தேடுவது இதனினும் எளிது.

இத்தேடலுக்கு அறிவியலார் இருவகை வழிகளைக் கண்டனர். ஒன்று, புற்றணுவின் மேல் உள்ள அடையாளத்தைப் பற்றுதல். மற்றொன்று, அதன் உருவளவைப் பற்றுதல்.

முதல் வழியே முதலில் நிலைபெற்றது. மார்பகத்தின் பாற்குழாய்களை உள்ளே போர்த்தியிருக்கும் உயிரணுக்களின் மேற்புறத்தில், ஒன்றோடொன்று ஒட்டி நிற்க உதவும் ஒரு புரதம் உண்டு. குருதியணுக்களில் அஃது இல்லை. எனவே அவ்வொட்டுப் புரதம் தாங்கிய ஓர் உயிரணு குருதியில் காணப்பட்டால், அது வேறிடத்திலிருந்து வந்தது என்பது தெளிவு. இவ்வொட்டுப் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதத்தை நுண்ணிய இரும்புத் துகள்களின்மேல் பூசிக் குருதியிற் கலக்கின்றனர். துகள்கள் புற்றணுவைச் சென்று பற்றுகின்றன. பின் காந்தத்தை அருகில் வைத்தால் இரும்பும் அதனைத் தாங்கிய புற்றணுவும் ஒருபுறம் ஒதுங்குகின்றன; மற்றவை கழுவப்படுகின்றன.

ஒதுங்கியவை எல்லாம் புற்றணு எனக் கொள்ளுதல் கூடாது. சில வெள்ளையணுக்களும் உடன் ஒட்டி வரும். ஆகவே மூன்று சாயங்கள் இடப்படுகின்றன. ஒன்று உட்கருவைக் காட்டும்; அஃது உண்மையில் ஓர் உயிரணுவே என்பதற்குச் சான்று. மற்றொன்று போர்வையணுக்களின் உட்சட்டமாகிய சைட்டோகெரட்டின் என்னும் புரதத்தைக் காட்டும். மூன்றாவது வெள்ளையணுவின் அடையாளத்தைக் காட்டும். முதலிரண்டும் இருந்து மூன்றாவது இல்லையாயின், அதுவே உலவு புற்றணு என எண்ணப்படுகின்றது. கருவி படம் பிடித்துத் தருகின்றது. இறுதித் தீர்ப்பைப் பயிற்சி பெற்ற மாந்தக் கண்ணே வழங்குகின்றது.

'செல்சர்ச்சு' எனப் பெயரிய இம்முறைக்கு 2004-இல் அமெரிக்க மருந்தாளுமை இசைவளித்தது. அதற்கு வேண்டிய குருதி 7.5 மில்லிலிட்டர், அஃதாவது ஒன்றரைத் தேக்கரண்டி. ஊசி குத்தியவுடன் வரும் முதற் குருதியைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். ஊசி துளைத்த இடத்துத் தோலணுக்கள் அதிற் கலந்து கணக்கைக் கெடுத்துவிடும். அணுக்கள் சிதையாமற் காக்கும் பொருளிட்ட தனிக்குழாயில் குருதியை எடுத்தால், அறைவெப்பத்திலேயே 96 மணி நேரம் வரை அது கெடாது. பனிக்கட்டியில் உறைய வைத்தல் கூடாது. இச்சிறு செய்தி எல்லையோர மக்களுக்கு எத்துணைப் பெரிது என்பது பின்னர்ப் புலனாகும்.

இரண்டாம் வழி உருவளவைப் பற்றியது. சிவப்பணு ஏறத்தாழ எட்டு மைக்ரான் குறுக்களவு உடையது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. புற்றணு பெரும்பாலும் அதனினும் பெரியது. வளைந்து நெளியும் தன்மையும் குறைந்தது. எனவே நுண்துளைச் சல்லடையில் வடித்தோ, வரவரக் குறுகும் இடுக்கின் வழியே செலுத்தியோ அதனைத் தடுத்து நிறுத்தலாம். பின்னைய வகைக் கருவியொன்றுக்குப் பரவிய மார்பகப் புற்றில் பயன்படுத்த 2022-இல் அமெரிக்க இசைவு கிடைத்தது.

இவ்விரண்டாம் வழிக்குத் தேவை ஏன் எழுந்தது? புற்றணு தன் இடத்தை விட்டுப் பெயரும்பொழுது, ஒட்டுப் புரதத்தைக் களைந்துவிடுதலும் உண்டு. அடையாள அட்டையைக் கழற்றி எறிந்தவனை அட்டையைக் கொண்டு தேட இயலாதன்றோ? காந்தமுறையில் எண்ணிக்கை சுழி என வந்தாலும், புற்றணுவே இல்லை என முடிவுகட்டுதல் ஆகாது. இதனை நோயாளிக்குச் சொல்லாது விடும் அறிக்கை அரை உண்மை கூறும் அறிக்கை.

நம் நாட்டிலும் இத்துறையில் முயற்சிகள் உள்ளன. புனேயில் ஒரு நிறுவனம் இதே காந்தத் துகள் வழியில் தன் சொந்த ஆய்வுப்பொருளைச் செய்து அரசின் உரிமம் பெற்றுள்ளது. மூளையும் கையும் நம்மிடம் இல்லாமற் போகவில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

பரவிய மார்பகப் புற்றுடைய 177 பெண்களைக் கொண்டு நடந்த அமெரிக்க ஆய்வு 2004-இல் வெளிவந்தது. ஒன்றரைத் தேக்கரண்டிக் குருதியில் ஐந்தோ அதற்கு மேலோ புற்றணு இருந்தவர்க்கு நோய் மேலும் முற்றுதற்கு இடைப்பட்ட காலம் நடுமதிப்பில் 2.7 திங்கள், ஐந்துக்குக் குறைந்தவர்க்கு 7 திங்கள். வாழ்நாள் முன்னவர்க்கு ஏறத்தாழ 10 திங்கள். பின்னவர்க்கு 18 திங்களுக்கும் மேல். எண்ணிக்கை நோயின் போக்கைச் சொல்லும் என்பது இதனால் நிலைநாட்டப்பெற்றது.

போக்கைச் சொல்வது வேறு. போக்கை மாற்ற உதவுவது வேறு. மருந்து தொடங்கிய பின்னும் எண்ணிக்கை குறையாதவர்க்கு, உடனே வேறு மருந்துக்கு மாற்றினால் வாழ்நாள் நீளுமா என்று ஆய்ந்தனர். 2014-இல் வெளியான அவ்வாய்வின் விடை, நீளவில்லை என்பதே. வேறு மருந்துக்கு மாறியவரும் பழைய மருந்திலேயே நின்றவரும் ஏறக்குறைய ஒரே அளவே வாழ்ந்தனர். காட்டி நன்றாகவே காட்டியது. காட்டிய இடத்தில் கொடுப்பதற்கு ஏற்ற மருந்து இல்லை.

இதற்கு மாறாக, பிரான்சில் 2021-இல் வெளிவந்த ஆய்வு ஒரு பயனைக் காட்டியது. இயக்குநீர் ஏற்பி உள்ள பரவிய மார்பகப் புற்றில், முதலில் இயக்குநீர் மருத்துவமா அல்லது கடுமையான வேதிமருந்தா எனத் தெரிந்தெடுக்க, மருத்துவரின் கணிப்போடு ஒப்ப இவ்வெண்ணிக்கையும் துணைசெய்தது. ஆயினும் அன்றாட மருத்துவத்தில் இவ்வெண்ணிக்கையைக் கொண்டு மருந்தை முடிவு செய்யப் போதிய சான்று இன்னும் இல்லை என்றே அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் கழகம் 2022-இல் வழிகாட்டியது.

இங்குப் பெயர்ச்சிக்கல் ஒன்றும் உண்டு. வணிகர் இவ்வகை ஆய்வுகளை ஆங்கிலத்தில் 'லிக்விட் பயாப்சி' என வழங்குகின்றனர். பயாப்சி என்பது கட்டியிலிருந்து தசைத்துணுக்கு எடுத்து ஆய்தல். அதற்கு நீர்ம வடிவம் ஒன்று உண்டு என்று பெயர் சொன்னால், துணுக்கெடுக்காமல் குருதியாலேயே எல்லாம் முடிந்துவிடும் என எளிய மக்கள் எண்ணுவர். அங்ஙனம் முடியாது. மார்பில் கட்டி உள்ளவளுக்கு நோயை உறுதிசெய்வது இன்றும் தசைத்துணுக்காய்வே. மேலும் அப்பெயரில் இருவேறு ஆய்வுகள் ஒளிந்துள்ளன: ஒன்று முழுப் புற்றணுவைத் தேடுவது, மற்றொன்று இறந்த புற்றணுவிலிருந்து சிதறிய மரபுப்பொருள் துண்டுகளைத் தேடுவது. இரண்டும் வெவ்வேறு, பயனும் வெவ்வேறு. 'உலவு புற்றணு எண்ணாய்வு' என முன்னதையும், 'சிதறு மரபுத்துண்டாய்வு' எனப் பின்னதையும் தமிழில் சொன்னால் இம்மயக்கம் நேராது. தூய சொல் வேண்டுவது அழகுக்காக மட்டுமன்று, ஏமாறாதிருத்தற்கும் வேண்டும்.

நலமுள்ளோர்க்குச் சல்லடையாகுமா?

இனி எல்லையோரப் பெண்களை நேரே தொடும் வினாவுக்கு வருவோம். நோய்க்குறி ஏதுமில்லாத பெண்ணுக்குக் குருதி எடுத்து, புற்று உண்டா இல்லையா எனச் சொல்ல இயலுமா?

2022-இல் நாசிக்கைச் சேர்ந்த தாத்தார் ஆய்வகத்தின் குருதியாய்வை அப்பல்லோ மருத்துவமனைக் குழுமம் நலமுள்ள பெண்களுக்கும் உரியதென அறிமுகம் செய்தது. விலை 6,000 உருபா என அறிவிக்கப்பட்டது. இம்முறை காந்தத்தை நம்புவதன்று. நல்ல உயிரணுக்களை அழித்துப் புற்றணுக்களை மட்டும் எஞ்சவிடும் நீர்மத்தில் குருதியணுக்களை வைத்துப் பின் சாயமிட்டுக் காண்பது. அவ்வாய்வகத்தார் வெளியிட்ட ஆய்வுரைகளில் கண்டறியும் திறன் உயர்வாகவே காட்டப்பட்டுள்ளது. 2021-இல் அமெரிக்க மருந்தாளுமை இதற்குத் 'திருப்புமுனைக் கருவி' என்னும் குறிப்பை வழங்கியது. அக்குறிப்பு ஆய்வை விரைந்து பரிசீலிக்கும் உறுதியே அன்றி, விற்பதற்கான இசைவு அன்று. இவ்வேறுபாட்டை விளம்பரம் படிப்போர் உணர்தல் வேண்டும்.

நலமுள்ளோரைச் சலித்தெடுக்கும் எந்த ஆய்வுக்கும் இறுதி அளவுகோல் ஒன்றே: அதனைச் செய்துகொண்ட பெண்களிடையே சாவு குறைந்ததா? பல்லாயிரம் பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்தாலன்றி இதற்கு விடை கிடையாது. உலவு புற்றணு ஆய்வு எதற்கும் அத்தகைய சான்று இன்றளவும் இல்லை.

ஐயுறுவதற்கு அடிப்படையும் உண்டு. தொடக்க நிலை மார்பகப் புற்றுடைய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் ஓர் உரை வெளியாயிற்று. கட்டி மார்பிலேயே இருந்த நிலையில், மருந்து தொடங்குமுன், காந்தமுறையில் அவர்களுள் நான்கில் ஒரு பங்கினர்க்கே ஒரு புற்றணுவேனும் அகப்பட்டது. எஞ்சிய முக்காற்பங்கினர் நோயோடு இருந்தும் குருதி வாய் திறக்கவில்லை. இம்முறையைச் சல்லடையாக்கினால் நால்வருள் மூவரை நழுவவிடும்.

மிகத் திறனுடைய ஆய்விலும் மற்றோர் இடர் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நலமெனத் தோன்றும் 10,000 பெண்களுள் பத்துப் பேர்க்கு மறைந்த நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆய்வு நூற்றுக்கு ஒருவரை மட்டுமே தவறாகக் குற்றஞ்சாட்டும் என்றும் கொள்வோம். அப்பத்துப் பேரும் அகப்படுவர். அவர்களுடன் நோயில்லாத நூறு பேரும் 'புற்று உண்டு' என்னும் தாளோடு வீடு திரும்புவர். ஒருத்திக்கு உண்மை சொல்லப் பத்துப் பேரை அழவைத்தல் ஆகும். நாட்கூலி இழந்து, கடன் வாங்கி, பெங்களூர்க்கும் சென்னைக்கும் அலைந்து, இறுதியில் ஒன்றுமில்லை எனக் கேட்கும் அந்நூறு குடும்பங்களின் துயரம் எந்த அறிக்கையிலும் ஏறாது.

இதனோடு ஒப்பிட வேண்டிய மற்றோர் ஆய்வு நம் நாட்டிலேயே நடந்துள்ளது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998-இல் தொடங்கி, 1,51,538 பெண்களை இருபதாண்டு பின்தொடர்ந்தனர். ஒரு பகுதியினர்க்குப் பயிற்சி பெற்ற நலப்பணிப் பெண்கள் ஈராண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டு மார்பக ஆய்வு செய்தனர், அவ்வளவே. 2021-இல் வெளியான முடிவின்படி, ஆய்வு செய்யப்பெற்றவர்களிடம் நோய் முற்றாத நிலையிலேயே கண்டறியப்பட்டது. அனைவரையும் சேர்த்து நோக்கின் சாவுக்குறைவு கணக்கியல் உறுதி பெறவில்லை. ஆனால் ஐம்பதும் அதற்கு மேலும் அகவையுடையோரிடம் மார்பகப் புற்றுச் சாவு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. பயின்ற கையும் பழகிய சொல்லுமே இதனைச் செய்தன.

செய்ய வேண்டுவன

எனவே செய்ய வேண்டுவன தெளிவாகவே உள்ளன.

முதலாவது, கையாய்வு. மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டம் 2021 ஆகத்து 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற இடம் இதே கிருட்டிணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியே. நீரிழிவுக்கும் குருதியழுத்தத்துக்கும் வீடுதேடிச் செல்லும் பெண் பணியாளர் கைக்கு மார்பக ஆய்வும் பழக்கமாதல் வேண்டும். ஊரகப் புற்றுநோய் கண்டறி திட்டத்தை 2023-இல் அரசு ஈரோடு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில் முதலில் தொடங்கியது. திருப்பத்தூர் கிருட்டிணகிரிக்கு அடுத்த மாவட்டம். அங்குக் கற்ற பாடம் ஓசூர் வந்துசேர நெடுவழி இல்லை. பணிப்பெண்களுக்கு ஆண்டுதோறும் உடலாய்வு செய்யும் தொழிலகங்கள், நாற்பது கடந்தோர்க்கு இதனையும் சேர்த்தல் வேண்டும். விலையுயர்ந்த குருதியாய்வு முகாம் நடத்திப் பெயர் தேடுவதினும் இது மேலானது.

இரண்டாவது, கட்டி கண்ட நாளுக்கும் மருத்துவம் தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சுருக்குதல். கிருட்டிணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பெற்றது. மக்கள் மாமோகிராம் என வழங்கும் மார்பக ஊடுகதிர்ப் படமும் தசைத்துணுக்காய்வும் அங்கேயே சில நாள்களில் முடிதல் வேண்டும்.

மூன்றாவது, உலவு புற்றணு எண்ணாய்வு அதற்கு உரியவர்க்குக் கிடைத்தல். நோய் பரவியவர்க்கும், மருந்தின் போக்கை அறிய மருத்துவர் வேண்டுபவர்க்கும் இது பொதுத்துறையில் எட்டுதல் வேண்டும். இதற்கு ஓசூரில் ஒரு கருவியை வாங்கி நிறுத்த வேண்டுவதில்லை. காப்புக்குழாயில் எடுத்த குருதி 96 மணி நேரம் கெடாது எனக் கண்டோம். மாலையில் ஓசூரில் எடுத்த குழாய் இரவுப் பேருந்தில் ஏறினாலும் விடியலில் சென்னையில் இருக்கும். அரசுச் சார்பில் சென்னையில் ஒரே ஓர் ஆய்வகம் அமைந்தால், தமிழகத்தின் எல்லா மாவட்டத்துக்கும் அது போதும். நோயாளி அலைய வேண்டா. குருதி பயணம் செய்யட்டும். அடையாற்று மருத்துவமனையில் எழுபதாண்டுப் பட்டறிவு உள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2025-இல் 480 மார்பகப் புற்றுநோயாளரின் மரபுப்பொருளைப் படித்துத் தொகுப்பு வெளியிட்டது. இத்துணை வன்மை உள்ள இடத்தில் ஓர் எண்ணாய்வகம் அமைத்தல் அரிதன்று; மனமே வேண்டும்.

நான்காவதும் இன்றியமையாததும், அறிக்கை தமிழில் இருத்தல். 'இத்தகைய நுட்பங்களுக்குத் தமிழில் சொல் ஏது?' எனக் கேட்பார் உளர். சொல் இல்லாமையன்று, சொல்ல விருப்பம் இல்லாமையே குறை. மருத்துவர்க்கு வேண்டிய ஆங்கிலக் குறிப்பு ஒருபுறம் இருக்கட்டும். மறுபுறம் நோயாளிக்கு இவ்வளவு எழுதினால் போதும்:

"உங்கள் குருதி ஒன்றரைத் தேக்கரண்டி அளவு ஆயப்பட்டது. அதில் காணப்பட்ட உலவு புற்றணு இத்தனை. பரவிய நோயில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் நோய் வேகம் மிகுதி எனக் கருதப்படும். ஒன்றும் காணப்படாமையால் நோய் இல்லை என முடிவு செய்தல் கூடாது. இவ்வெண்ணை மட்டும் கொண்டு மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டா. உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: சென்ற முறையினும் எண் கூடியதா, குறைந்ததா? இதனால் என் மருத்துவத்தில் என்ன மாறும்?"

இதில் எந்தச் சொல் விளங்காது? ஐந்தாம் வகுப்புப் படித்த தாய்க்கும் விளங்கும். படியாத தாய்க்கு மகள் படித்துக் காட்டினாலும் விளங்கும். இறுதியில் நிற்கும் அந்த வினா எல்லாவற்றினும் வலியது. 'இவ்வாய்வால் என் மருத்துவத்தில் என்ன மாறும்?' என ஒருத்தி தன் மொழியில் கேட்கத் தொடங்கிவிட்டால், பயனற்ற ஆய்வுக்கு அவளிடம் பணம் கேட்க எவரும் தயங்குவர். பயனுள்ள ஆய்வை அவளுக்கு மறுக்கவும் தயங்குவர்.

'எண்ணுதல்' என்னும் சொல்லுக்குக் கணக்கிடுதல் என்றும் கருதிப்பார்த்தல் என்றும் தமிழில் இரு பொருள் உண்டு. புற்றணுவை எண்ணுதல் கருவியின் வேலை. அவ்வெண்ணைப் பெறும் பெண்ணை எண்ணிப் பார்த்தல் அரசின் வேலை, மருத்துவரின் வேலை, தமிழ்கற்ற ஒவ்வொருவரின் வேலை. ஓசூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் பர்கூரிலும் உள்ள தமிழாசிரியரும் மாணவரும் முதலில் இதனைச் செய்யலாம்: தம் தெருவில் நாற்பது கடந்த தாய்மாரிடம், மார்பில் கட்டியோ தோற்சுருக்கமோ காம்பில் குருதிக் கசிவோ கண்டால் நாணி மறைக்காமல் அந்தக் கிழமையிலேயே மருத்துவரைக் காணுமாறு நல்ல தமிழில் சொல்லுதல். அச்சொல்லுக்கு விலை ஒன்றுமில்லை. அது காக்கும் உயிருக்கோ விலையே இல்லை.